‘அது’ என்று எழுதும் முன்: திகில் கதைகளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இருண்ட மாளிகையையும் பூட்டிய அறையையும் நள்ளிரவு ஓலத்தையும் வைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுவரும் கோதிக் கதைகளை நீங்கள் தமிழுக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்தப் பணியால் பயன்பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்திருந்த வயதில் இந்தக் கதைகளை என் கைக்குக் கொண்டுவந்தவை மலிவு விலைச் சுருக்கப் பதிப்புகள்தாம். அவற்றைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் பின்னாளில் மூல நூல்களைத் தேடிப் படித்தபோது, நான் படித்த சுருக்கங்களில் விடுபட்டவை தற்செயலாக விடுபடவில்லை என்று தெரிந்தது. காதல் விடுபடவில்லை, பேய் விடுபடவில்லை, மழையும் இடியும்கூட ஒரு துளி குறையாமல் வந்திருந்தன. மாளிகையின் பணம் எந்தக் கடலைத் தாண்டி வந்தது, அந்த மாளிகைக்குள் அச்சமூட்டும் அந்நியர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்ற இரண்டு செய்திகள்தாம் திரும்பத் திரும்பக் காணாமற் போயிருந்தன. இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பக்கங்கள் என்பது என் எண்ணம். அதை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

முதலில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சார்லட் பிராண்டி 1847இல் எழுதிய ‘ஜேன் அயர்’ நாவலைப் பள்ளி நாள்களில் ஒரு தமிழ்ச் சுருக்கமாகப் படித்தேன். மாடியறையில் ஒரு பைத்தியக்காரி அடைபட்டிருந்தாள். அவள்தான் கதாநாயகனின் முதல் மனைவி என்று கல்யாணத்தன்று தெரியவந்தது. பிறகு அவள் வீட்டைக் கொளுத்திவிட்டுக் கூரையிலிருந்து விழுந்து செத்தாள். ஒருவழியாகக் கதாநாயகிக்கு நல்லகாலம் பிறந்தது. அவ்வளவுதான் கதை. அந்தப் பெண் யார் வீட்டு மகள், எந்த ஊர், ஏன் இங்கே வந்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கான ஒரு சொல்லும் அந்தப் புத்தகத்தில் இருக்கவில்லை.

மூலத்தில் எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன. அவள் பெயர் பெர்த்தா மேசன். ஜமைக்காத் தீவின் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்தவள். தந்தை மேற்கிந்தியத் தீவுகளில் தோட்டமும் வணிகமும் நடத்திய செல்வர், தாய் கிரியோல், அதாவது தீவுகளிலேயே பிறந்தவர். கதாநாயகன் ரோச்செஸ்டரின் தந்தைக்குச் சொத்தைப் பாகம் பிரிக்க மனமில்லை. முழுவதையும் மூத்த மகனுக்கு விட்டுவிட்டார். இளையவன் வறுமையில் வாடுவதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. ஆகவே 30,000 பவுண்டு சீதனத்தோடு வரும் பெண்ணைக் கடல் கடந்து பார்த்து முடித்துவைக்கிறார். வரதட்சிணைப் பேரம் எப்படி நடக்கும் என்பதை வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொண்ட தமிழ் வாசகருக்கு, இந்த நாவலில் இதைவிட எளிதாக விளங்கக்கூடிய பகுதி வேறொன்று இருக்க முடியாது. அதையே வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

அந்த 30,000 பவுண்டு ஜமைக்காவில் எப்படி விளைந்தது என்று நாவல் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கில வாசகருக்கு ஜமைக்கா என்றால் கரும்பு, கரும்பு என்றால் அடிமை உழைப்பு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியபோது, அடிமைகளை இழந்த உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. நாவல் வெளிவந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினான்கு. இதில் கதாநாயகியும் தப்பவில்லை. ஜேன் அயருக்குக் கிடைக்கும் 20,000 பவுண்டு, மதீராத் தீவில் வணிகம் செய்த சித்தப்பாவின் சொத்து. அந்தச் சித்தப்பாவுக்கும் ஜமைக்காவின் மேசன் குடும்பத்துக்கும் வணிகத் தொடர்பு இருந்தது என்பதைப் பிராண்டி போகிற போக்கில் சொல்லிவைக்கிறார். அந்தத் தொடர்பின் வழியாகத்தான் ரோச்செஸ்டரின் பழைய கல்யாண இரகசியமே வெளியாகிறது. ஆக, தீவின் பணத்தில் எழுந்து நிற்கும் ஒரு வீட்டின் மாடியில் தீவிலிருந்து வந்த பெண் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள். இரவில் அவள் சிரிப்பது கீழே கேட்கிறது. அந்தச் சிரிப்பு ஏன் நம் முதுகைச் சில்லிட வைக்கிறது என்பதற்கு விடை அந்தப் பணக்கணக்கில் இருக்கிறது. கணக்கை நீக்கிவிட்டுச் சிரிப்பை மட்டும் மொழிபெயர்த்தால் எஞ்சுவது வெறும் பூச்சாண்டி.

பெர்த்தா நம் காதுபட ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அவள் சொன்னதாக அவள் சகோதரன் சொல்கிறான், அவள் எப்படிப்பட்டவள் என்று கணவன் சொல்கிறான், அவ்வளவே. இந்த மௌனம் டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ் என்ற எழுத்தாளரை நெடுங்காலம் உறுத்தியது. அவர் 1966இல் வெளியிட்ட ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் அந்தப் பெண்ணுக்கு அந்துவானெத் என்ற பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, குழந்தைப் பருவம் இருக்கிறது. ‘பெர்த்தா’ என்பது கணவன் தன் வசதிக்காக அவள்மேல் ஒட்டிய பெயர். 1985இல் இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பீவாக் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஜேனின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் மாடியறைப் பெண்ணைத் தாண்டிப் போக முடியாத நிலை உலகமெங்கும் ஏற்பட்டுவிட்டது. நம் சுருக்கப் பதிப்புகள் மட்டும் இன்னும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதே நாவலில் நம் நாடும் வருகிறது. அனாதைப் பள்ளியின் பொருளாளர் சிறுமி ஜேனைப் பழிக்கும்போது, பிரம்மாவைத் தொழுது ‘ஜகர்நாட்’ முன் மண்டியிடும் அஞ்ஞானிக் குழந்தைகளைவிட மோசமானவள் என்கிறார். அந்த ஜகர்நாட் வேறு யாருமில்லை, பூரி ஜகந்நாதர்தான். ‘பொய்த் தெய்வம்’ என்று பொதுப்படையாக மொழிபெயர்ப்பதன்மூலம் யாருடைய மனமும் புண்படாமல் காப்பாற்றிவிடலாம். ஆனால் இங்கிலாந்தில் ஒரு குழந்தையை அவமானப்படுத்த ஒடிசாவின் தேர் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வியும் அதோடு போய்விடும். நாவலின் கடைசிப் பத்திகள் காதலரைப் பற்றியவை அல்ல. இந்தியாவுக்கு மதப்பணி செய்யப் போன செயின்ட் ஜான் சமயப் பாகுபாட்டையும் சாதியையும் ஒரு பூதத்தைப் போல வெட்டிச் சாய்ப்பதைப் பற்றியவை. நான் படித்த சுருக்கம் கல்யாணத்தோடு மங்களம் பாடி முடித்துவிட்டது.

இனி, இந்த மடலின் தலைப்புக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பெர்த்தாவை ஜேன் மாடியறையில் நேரில் பார்க்கும் இடத்தில், அந்த உருவம் விலங்கா மனிதப் பிறவியா என்று முதல் பார்வையில் சொல்ல முடியவில்லை என்கிறாள். தொடர்ந்து அஃறிணைச் சுட்டுப்பெயரே வருகிறது: நான்கு கால்களில் ஊர்ந்தது, உறுமியது, உடை அணிந்திருந்தது. அதன் பிறகே ‘அவள்’ வருகிறாள். ஆங்கிலத்தில் இதைச் செய்ய எழுத்தாளர் ஒரு சிறு சுட்டுப்பெயரை மாற்றினால் போதும். வினைச்சொல் எதையும் காட்டிக்கொடுக்காது. தமிழில் அப்படித் தப்பிக்க வழியில்லை. ‘வந்தாள்’ என்றோ ‘வந்தது’ என்றோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாம் ஒரு தீர்ப்பு எழுதியாக வேண்டும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்றுதான். மக்கள் என்று கருதிச் சுட்டப்படுவது உயர்திணை. யாரை மக்கள் என்று கருதுகிறோம் என்பதே அங்கே முதல் கேள்வியாக இருப்பதை எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பது மனிதனா அல்லவா என்ற ஐயத்தையே தன் மூச்சாகக் கொண்ட ஓர் இலக்கிய வகையை, அந்த ஐயத்துக்கு ஒவ்வொரு வினைமுற்றிலும் விடை கேட்கும் ஒரு மொழிக்கு நீங்கள் கொண்டுவருகிறீர்கள். இந்தச் சங்கடம் வேறு பல மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இல்லை. ஆகவே நீங்கள் ‘அது’ என்று எழுதும்போது மூலம் எழுதியதை எழுதுகிறீர்களா, மூலத்தைவிட ஒரு படி மேலே போகிறீர்களா என்று நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த ஒரு சிறுவனை மேலங்கிக்குள் சுமந்துகொண்டு, பண்ணை வீட்டுத் தலைவர் எர்ன்ஷா வீடு திரும்புகிறார். பணிப்பெண் நெல்லி அவனை முதலில் ‘அது’ என்றே சொல்கிறாள். தமிழில் குழந்தையை ‘அது தூங்குது’ என்று சொல்வது அன்பின் வழக்கு. நெல்லியின் ‘அது’வில் அன்பில்லை, அருவருப்பு இருக்கிறது. இந்த வேற்றுமையைத் தமிழில் காட்டுவது எளிதன்று என்று எனக்குத் தெரியும். ‘அந்தப் பண்டம்’, ‘அந்தச் சனியன்’ என்று எதையாவது வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். ஆனால் சமாளிக்க வேண்டும்.

அந்தச் சிறுவன்தான் ஹீத்கிளிஃப். கறுத்த தோல்; யாருக்கும் புரியாத ஏதோ மொழியில் பேசுகிறான்; எந்த ஊர், எந்த இனம் என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. அண்டை வீட்டு லிண்டன் அவனைப் பார்த்துவிட்டு, ஒரு குட்டி லஸ்கராக இருக்கலாம், அல்லது கரையொதுங்கிய அமெரிக்கனாகவோ ஸ்பானியனாகவோ இருக்கலாம் என்று ஊகிக்கிறார். நெல்லியோ அவனைத் தேற்றுவதற்காக, உன் அப்பா சீனச் சக்கரவர்த்தியாகவும் அம்மா ஓர் இந்திய ராணியாகவும் இருக்கக்கூடும், ஒரு வார வருமானத்தில் இந்த இரண்டு பண்ணைகளையும் அவர்களால் வாங்கிவிட முடியும் என்கிறாள். அவன் கண்டெடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படும் 1770களில், ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கும் கப்பல்கள் பிரிட்டனிலேயே மிகுதியாகப் புறப்பட்ட துறைமுகம் லிவர்பூல். எமிலி எத்தனையோ ஊர்களை விட்டுவிட்டு அந்தத் தெருவில் அவனைக் கிடத்தியதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ‘லஸ்கர்’ என்ற சொல்லுக்காக உங்களிடம் தனியாக வாதாட வேண்டும். நான் பார்த்த ஒரு தமிழாக்கத்தில் அது ‘மாலுமி’ ஆகியிருந்தது. ஆங்கிலக் கப்பல்களில் அடிமட்டக் கூலிக்கு வேலை செய்த இந்தியர்களையும் பிற ஆசிய மாலுமிகளையும் குறித்த சொல் அது. படையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் கம்பெனிப் படையின் ஏவலாட்களுக்கும் பெயராகி, நம் ஊர்வரைக்கும் வந்து தங்கிவிட்டது. ஏரி மதகைத் திறந்து மூடும் பொதுப்பணித் துறை ஊழியரை இன்றைக்கும் நம் விவசாயிகள் லஸ்கர் என்றுதானே அழைக்கிறார்கள்? யார்க்ஷயர் சதுப்புவெளியில் ஒரு கனவான் அருவருப்போடு உச்சரித்த சொல், தஞ்சாவூர் வாய்க்கால் கரையில் ஒரு மனிதரின் பதவிப் பெயராக நடமாடுகிறது. இப்படி ஒரு பாலம் தானாகக் கிடைத்திருக்கும்போது அதை ‘மாலுமி’ என்று இடித்துத் தள்ளுவானேன்?

கோதிக் கதையும் காலனிப் பணமும் பின்னால் வந்து சேர்ந்த உறவினர்கள் அல்லர். அரபுக் கலீஃபா ஒருவன் பாதாள சாத்தானிடம் போய்ச் சேரும் ‘வாதெக்’ கதையை (1786) எழுதிய வில்லியம் பெக்ஃபோர்ட், ஜமைக்காக் கரும்புத் தோட்டங்களைச் சிறுவயதிலேயே தந்தைவழிச் சொத்தாகப் பெற்றவர். அந்தப் பணத்தில் ஃபான்ட்ஹிலில் வானளாவிய கோதிக் மாளிகை எழுப்பினார். அதன் கோபுரம் 1825இல் இடிந்து விழுந்தது. ‘தி மங்க்’ (1796) எழுதிய மேத்யூ லூயிஸ் 1812இல் ஜமைக்காத் தோட்டங்களுக்கும் அங்கிருந்த அடிமைகளுக்கும் வாரிசானார். இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாம் முறை திரும்பும் வழியில் 1818இல் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே இறந்தார். முன்னுரையில் இரண்டு வரி போதும் இவற்றுக்கு. ஆனால் அந்த இரண்டு வரி இருக்க வேண்டும்.

எல்லா எழுத்தாளரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயமாகாது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) இதற்குச் சான்று. பனிக்கடலில் முதன்முதலாகத் தெரியும் அந்தப் பேருருவை, கண்டுபிடிக்கப்படாத ஏதோ தீவின் காட்டுமனிதன் என்று கப்பல் தலைவன் எண்ணுகிறான். அடுத்து வரும், அந்த உருவைப் படைத்த விக்டரையோ ஐரோப்பியன் என்று நிம்மதியோடு குறிக்கிறான். இது அந்தக் காலத்துப் பார்வை. ஆனால் அதே உருவம் ஒரு குடிசையின் சுவரை ஒட்டி ஒளிந்திருந்து, உள்ளே அரபுப் பெண் சஃபிக்குப் பாடம் சொல்லித் தருவதைக் கேட்டுத் தானும் கற்கிறது. அந்தப் பாடத்தில் ஆசியர் சோம்பேறிகள், கிரேக்கர் மேதைகள் என்று வருகிறது. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கதியும் வருகிறது, அதைக் கேட்டு சஃபியோடு சேர்ந்து அந்த உருவமும் அழுகிறது. வேறோர் இடத்தில் விக்டரே, மனிதர்கள் தம் வெறியை அடக்கியிருந்தால் மெக்சிகோ, பெரு நாடுகளின் பேரரசுகள் அழிந்திருக்கமாட்டா என்கிறான். (‘கற்கிறது’, ‘அழுகிறது’ என்று நானே அஃறிணையில் எழுதிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றுதான் விட்டுவைத்தேன். அழுகிற ஒன்றை ‘அது’ என்று எழுத என் கை தயங்கவில்லை. உங்கள் கை தயங்குமானால் எனக்கு மகிழ்ச்சி.)

இந்த நாவல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1824 மார்ச்சில், வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங் நாடாளுமன்றத்தில் பேசினார். மேற்கிந்திய அடிமைகளை உடனே விடுவிப்பது, உடலில் வளர்ந்து அறிவில் குழந்தையாக இருப்பவனை அவிழ்த்துவிடுவதாகும், அண்மையில் வந்த ஒரு புனைகதையின் படைப்பை எழுப்பிவிடுவதற்கு அது ஒப்பாகும் என்றார். உருவாக்கியவன் கைவிட்டதால் சீரழிந்த ஓர் உயிரின் கதையை, உருவாக்கியவனுக்கு எச்சரிக்கையாக அவர் திருப்பிப் படித்துவிட்டார். புனைகதையில் வரும் அந்நியன் புத்தகத்துக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. அவனை மேற்கோள் காட்டிச் சட்டத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஷெல்லியின் எழுத்தில் இருந்த அந்த அழுகையை நீங்கள் சுருக்கத்தில் வெட்டும்போது, உங்களை அறியாமலேயே கேனிங்கின் பதிப்பை அச்சடிக்கிறீர்கள்.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) தமிழில் எத்தனை உருவங்களில் வந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதை தொடங்கும்போது வழக்கறிஞர் ஹார்க்கர் புடாபெஸ்டில் டான்யூப் நதியைக் கடக்கிறார்; மேற்கை விட்டுக் கிழக்கில் நுழைவதாகக் குறிப்பெழுதுகிறார்; கிழக்கே போகப் போக ரயில்கள் தாமதமாகின்றன, சீனாவில் எப்படி இருக்குமோ என்று சலித்துக்கொள்கிறார். இந்த வரிகளைப் பயணக் குறிப்பு என்று கருதி நீக்கிவிடுகிறார்கள். டிராகுலா பிரபு தன் கோட்டையில் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள்: ஆங்கில நூல்களைக் குவித்து வைத்து மொழி பயில்கிறார், ரயில்வே கால அட்டவணையைச் சோபாவில் சாய்ந்துகொண்டு படிக்கிறார், லண்டனில் நடமாடினால் தன் பேச்சே தன்னை அந்நியன் என்று காட்டிக்கொடுத்துவிடுமே என்று வருந்துகிறார், முறையான பத்திரம் எழுதி நிலம் வாங்குகிறார், பிறகு ஐம்பது மண்பெட்டிகளோடு கப்பலேறுகிறார். மொழியைக் கற்று, வரைபடத்தைப் படித்து, சட்டப்படி இடம் வாங்கி, அதன் பிறகு இரத்தத்தை உறிஞ்சுவது என்ற இந்த வரிசை நமக்குப் புதிதா? ஸ்டீபன் அராட்டா என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரை இதைத் தலைகீழ்க் காலனியாக்கம் என்று விளக்கியது: தான் பிறருக்குச் செய்ததை யாரோ தனக்குச் செய்ய வருகிறார்கள் என்ற அச்சம். கடைசியில் அந்தப் பிரபுவின் கழுத்தை அறுக்கும் ஹார்க்கரின் கத்தி எது தெரியுமா? நேபாளத்துக் கூர்க்காக்களின் குக்ரி. கிழக்கிலிருந்து வந்த பகைவனைக் கிழக்கிலிருந்து கொண்டுவந்த ஆயுதத்தாலேயே முடிக்கிறார்கள். ‘கூரிய கத்தி’ என்று மொழிபெயர்த்தால் இது போயிற்று.

அதே நாவலில் பிரபுவுக்கு ஏவல் செய்யும் நாடோடி ரோமா மக்களும், ஒரு யூத வணிகரைப் பற்றிய இழிவான வருணனையும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் தாருங்கள். ஆனால் ‘குறவர்’ என்றோ ‘நாடோடிக் கும்பல்’ என்றோ நம் ஊர் இழிவைக் கூடுதலாக ஏற்றாதீர்கள். அவர்கள் ரோமா மக்கள், அவர்களுக்கென்று பெயர் இருக்கிறது. இதைப் போலவே பெர்த்தாவின் தாயைக் குறிக்கும் ‘கிரியோல்’ என்ற சொல்லைக் ‘கலப்பினம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தீவுகளில் பிறந்த வெள்ளையரையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். நாவல் வேண்டுமென்றே மூடிவைத்திருக்கும் கதவை மொழிபெயர்ப்பாளர் திறந்துவிடக் கூடாது.

சுட்டுப்பெயரைப் போலவே மரியாதை விகுதியும் தீர்ப்பு எழுதுகிறது. வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ (1868) துப்பறியும் நாவலுக்கு முன்னோடி என்றாலும் அதன் அச்சம் கோதிக்கினுடையதுதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த இரவில் ஓர் ஆங்கில அதிகாரி காவலர்களைக் கொன்று வைரத்தைக் கொள்ளையடிக்கிறார். அதை மீட்க மூன்று பிராமணர்கள் தலைமுறை தாண்டியும் தொடர்ந்து வருகிறார்கள். வீட்டின் மூத்த பணியாளர் பெட்டரெட்ஜ், அமைதியான எங்கள் ஆங்கில வீட்டின்மேல் ஒரு பேய்பிடித்த இந்திய வைரம் படையெடுத்துவிட்டதே என்று புலம்புகிறார். படையெடுத்தது வைரமாம்! காலின்ஸ் இந்த நகைமுரணை அறிந்தே எழுதினார் என்பது என் துணிபு. கடைசியில் வைரம் சோமநாதத்துக்கே திரும்பிவிடுகிறது (முடிவைச் சொல்லிவிட்டதற்கு மன்னியுங்கள்). ஆனால் நான் படித்த தமிழ்ப் பதிப்பில் கொள்ளையடித்த அதிகாரி ‘அவர்’, மீட்க வந்த மூவரும் ‘அந்தப் பயல்கள்’. மூலத்தில் ஆசிரியர் தராத தீர்ப்பை நம் விகுதிகள் தந்துவிட்டன.

கிப்ளிங்கின் ‘மிருகத்தின் முத்திரை’ (1890) என்ற சிறுகதை எந்த அலங்காரமும் இல்லாமல் விஷயத்தைப் போட்டு உடைக்கிறது. குடிபோதையில் அனுமார் சிலையின் நெற்றியில் சுருட்டை அழுத்தி அணைக்கும் ஒரு வெள்ளையனை, கோயிலில் இருந்த தொழுநோயாளி தீண்ட, அவன் விலங்காக மாறுகிறான். சாபத்தை நீக்க, காவல் அதிகாரியும் கதைசொல்லியும் சேர்ந்து அந்த நோயாளியைப் பிடித்துக் கட்டி, துப்பாக்கிக் குழல்களைப் பழுக்கக் காய்ச்சி வதைக்கிறார்கள். அந்த இடத்தில் கதைசொல்லி, இந்தப் பகுதி அச்சிடத்தக்கதல்ல என்று சொல்லி ஒரு வரி முழுக்கப் புள்ளிகள் வைக்கிறார். கதையின் மெய்யான பயங்கரம் அந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறது. தயவுசெய்து அவற்றை அச்சுப்பிழை என்று எண்ணி நீக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னபின் நம் வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும். இரத்தம் குடிக்கும் ஐரோப்பியப் பிசாசுக்கு நீங்கள் வைத்திருக்கும் நிலையான பெயர் ‘இரத்தக் காட்டேரி’. காட்டேரி நம் கிராமங்களில் படையல் வாங்கும் தெய்வம்; குழந்தையும் தாயும் நலமாக இருக்க அவளுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 1838 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் மாரியம்மனோடு காட்டேரியையும் கொண்டுபோனார்கள். கயானாவில் அவளுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களை நிரப்பப் போனவர்களின் தெய்வம் அவள். ஜமைக்காவுக்கு முதல் இந்தியக் கூலிக் கப்பல் 1845இல் போய்ச் சேர்ந்தது. ‘ஜேன் அயர்’ வெளிவர அப்போது இரண்டே ஆண்டுகள் இருந்தன. இப்படிப்பட்டவளின் பெயரைத் திரான்சில்வேனியப் பிரபுவுக்குச் சூட்டுவது, ஆங்கிலேயர் ஜகந்நாதருக்குச் செய்ததிலிருந்து எவ்வளவு தூரம் விலகியது? ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் நம் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை ‘வேம்பயர்’ ஆக்கினார். முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடும், ஒரு சொட்டு இரத்தமும் கேட்காத நம் வேதாளத்துக்கு அன்று பிடித்த பழி இன்றுவரை போகவில்லை. அது போதாதென்று காட்டேரியை நாமே கொடுத்திருக்கிறோம். ‘வேம்பயர்’ என்றே எழுதுங்கள். தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் திரைப்படங்களால் பழகிவிட்டது.

நம் மாத நாவல்களின் மாந்திரீகன் ஏன் எப்போதும் மலையாள நாட்டிலிருந்தே வருகிறான், சாபம் ஏன் ஒரு குறத்தியின் வாயிலிருந்தே பிறக்கிறது என்பதும் இதே பையில் கிடக்கும் கேள்விதான். பிறர் கதைகளில் வரும் அந்நியரைக் கவனமாக மொழிபெயர்க்கப் பழகியவர் தம் கதையை எழுதும்போதும் சற்றுத் தயங்குவார் என்று நம்புகிறேன்.

வாசகர்கள் திகிலுக்காக வருகிறார்கள், வரலாற்றுப் பாடத்துக்காக வருவதில்லை என்று பதிப்பாசிரியர்கள் சொல்வீர்கள். சரிதான், நானும் திகிலுக்காகவே வந்தேன், இன்னமும் வருகிறேன். இந்த நூல்களைப் பழிக்கவோ ஒதுக்கிவைக்கவோ நான் கேட்கவில்லை. இழிவான வரிகளைத் திருத்தி நல்லதாக்கித் தரும்படியும் கேட்கவில்லை. இருப்பதை இருந்தபடி தாருங்கள், ஊர்ப்பெயரையும் பணத்தொகையையும் வெட்டாதீர்கள், தேவையான இடத்தில் அடிக்குறிப்பாக நாலு வரி எழுதுங்கள், சுருக்குவதானால் எதைச் சுருக்கினீர்கள் என்று முகப்பிலேயே சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். புயலைப் பற்றிய மூன்று பக்கங்களில் ஒன்றை வெட்டினால் ஜமைக்காவுக்கு வேண்டிய இடம் கிடைத்துவிடும்.

முடிக்குமுன் ஒரே ஒரு சிறிய வேண்டுகோள். ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ (1872) குறுநாவலைத் தமிழில் கொண்டுவரும் எண்ணம் உங்களில் யாருக்கேனும் இருக்கலாம். அதில் ஒரு வண்டி கவிழ்ந்து, மயங்கிய நிலையில் கார்மில்லா கோட்டைக்குள் தூக்கிச் செல்லப்படுகிறாள். பின்னர், வீட்டு ஆசிரியை ஒருத்தி மட்டும், வண்டியிலிருந்து இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த இன்னொருத்தியை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்கிறாள்: வண்ணத் தலைப்பாகை கட்டிய ஒரு கறுப்பினப் பெண், சன்னல் வழியே இவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். வேறு யாரும் அவளைப் பார்க்கவில்லை. கதையில் அவள் மறுபடி வருவதும் இல்லை. யார், எங்கிருந்து வந்தாள், எதற்காக அத்தனை கோபம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கத்தரியை எடுத்தவுடன் முதலில் விழக்கூடிய வரிகள் அவை. அவளை வண்டிக்குள்ளேயே இருக்க விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களின் பழைய வாசகன்